அம்மாபேட்டைத் தையல் வீடு: லீவுக்கு ஊர் வரும் ஆசிரியர்களுக்காக

வெளிநாட்டில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு மட்டும் சேலம் வந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருஷம் முழுக்கப் பள்ளிக்குப் போட்டுப் போகிற துணியைத் தைக்க வேண்டும் என்றால், அம்மாபேட்டையில் ஒரு வீடு இருக்கிறது. கடை என்று சொல்ல முடியாது. தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் நெடுக ஆணியில் தொங்கும் துணிப்பைகள், அவ்வளவுதான். அண்ணன் சட்டையும் பேண்டும் தைப்பார். அக்கா ப்ளவுஸ், சுடிதார், நீளப் பாவாடை எல்லாம் தைப்பார். பெயர்ப்பலகை கிடையாது. போன் நம்பர் போடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "வேண்டாம் டீச்சர், இருக்கிற வேலையே முடிய மாட்டேங்குது" என்றுவிட்டார். மெயின் ரோட்டில் லைனிங், ஃபால்ஸ் விற்கிற கடைகளில் 'புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தைக்கிற வீடு' என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் பாங்காக்கில் ஒரு தனியார் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் வேலை செய்கிறோம். நான் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல், அவர் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு. எனக்குச் சொந்த ஊர் சேலத்தில் குகைப் பகுதி, அவருக்கு ஆத்தூர். தாய்லாந்தில் பள்ளி மே நடுவில் திறந்து மார்ச்சில் முடியும். அதனால் எங்கள் பெரிய லீவு பங்குனியிலும் சித்திரையிலும் வருகிறது. அங்கே சோங்க்ரான் பண்டிகைக்கு ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும் நாட்களில் நாங்கள் சேலத்து வெயிலில் சித்திரைக் கனி பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே ஆசிரியர் உடை என்பது சாதாரண விஷயம் இல்லை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தாய்லாந்தில் ஒரு நிறம் உண்டு. திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி இளநீலம். மறைந்த மன்னர் பூமிபோல், இப்போதைய மன்னர் இருவருமே திங்கட்கிழமை பிறந்தவர்கள் என்பதால் திங்கட்கிழமை மஞ்சளுக்குத் தனி மரியாதை. எங்கள் பள்ளியில் திங்களன்று மஞ்சள் கட்டாயம், செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, வெள்ளிக்கிழமை கைத்தறி. தாய்லாந்து ஆசிரியைகள் அன்று அவர்கள் ஊர்க் கைத்தறிப் பாவாடை கட்டி வருவார்கள், நான் சேலை கட்டிக்கொள்வேன். மற்ற நாட்களில் பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழு பேண்ட். காலை ஏழரைக்கெல்லாம் வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்க வேண்டும். எட்டு மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம். அந்த வெயிலில் வேர்த்து நனைந்து, அதே துணியோடு ஏசி வகுப்பறைக்குள் போக வேண்டும்.

இந்த உடையோடுதான் போக்குவரத்தும். எங்கள் வீடு பாங் காபி பக்கம். சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏற வாசல் எதுவும் இருக்காது, ஓரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். படகுத்துறையிலிருந்து பள்ளிக்கு ஆரஞ்சு மேல்சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸி. பாவாடை கட்டியிருந்தால் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் போக முடியும். மழை மாசங்களில் சந்தில் தண்ணீர் நிற்கும். கடையில் ரெடிமேடாக வாங்கும் பாவாடை இதில் எதையாவது ஒன்றைத் தாங்கும், எல்லாவற்றையும் தாங்காது.

அம்மாபேட்டை வீட்டில் எனக்குப் பிடித்ததே அளவெடுக்கும் விதம்தான். அக்கா டேப்பை எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பார். எங்கே போட்டுப் போகப் போகிறீர்கள், நின்று பாடம் எடுப்பதா, உட்கார்ந்தா, எதில் ஏறிப் போவீர்கள், யார் துவைப்பது, கையிலா மெஷினிலா. படகைப் பற்றிச் சொன்னதும், "சரி, காலைத் தூக்கி அந்த நாற்காலி மேல வைங்க" என்றார். அப்படியே நிற்க வைத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை எவ்வளவு துணி இழுக்கிறது என்று பார்த்தார். பிறகு தரையில் உட்காரச் சொன்னார். தாய்லாந்தில் கோயிலிலும் பள்ளி விழாக்களிலும் இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்துத் தரையில் உட்காருவது வழக்கம், காலை யார் பக்கமும் நீட்டக் கூடாது. அதே மாதிரி உட்கார்ந்து காட்டினேன். அந்த நிலையிலேயே ஒரு அளவு. கடைசியாக, "போர்டுல மேல எழுதுற மாதிரி கையைத் தூக்குங்க டீச்சர்" என்று சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். நான் கையைத் தூக்கியதும் ப்ளவுஸின் கீழ்ப்பட்டி எவ்வளவு மேலே ஏறுகிறது என்று விரலால் அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டார். அண்ணனும் என் வீட்டுக்காரரைச் சுவரில் எழுதச் சொல்லித்தான் சட்டை உயரம் எடுப்பார். அதனால்தான் அவர் எட்டிக் கணக்குப் போடும்போது சட்டை பேண்டுக்கு வெளியே வருவதில்லை.

நிற்கும்போது மட்டும் அளவெடுத்துத் தைத்த துணி, நிற்கும்போது மட்டும்தான் சரியாக இருக்கும். இது தெரிந்த தையல்காரர் கிடைப்பது பெரிய விஷயம். பாங்காக்கில் இந்தியத் துணிகளுக்குப் பெயர்போன பாஹுராட் பகுதியில் ஒரு கடையில் நான் ப்ளவுஸ் தைத்திருக்கிறேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் கையைத் தூக்கியபோது அக்குளில் தையல் விட்டுவிட்டது. பிரித்துத் தைக்கலாம் என்றால் உள்ளே ஒரு நூல் துணி விடவில்லை.

இனி அக்கா வைக்கும் பாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தைக்கும் துணியில் பாக்கெட் வைப்பதையே பலர் ஏதோ தயவு மாதிரி செய்வார்கள். வைத்தாலும் நாலு விரல் நுழையும் அளவுக்கு இருக்கும். அக்கா என் பாவாடைகளுக்கு வலது பக்கம் வைக்கும் பாக்கெட், கையை விட்டால் மணிக்கட்டு தாண்டிப் போகும். உள்பை காடா துணியில், இரண்டு மடிப்பாக. போர்டு மார்க்கர் மூடி கழன்று மை கசிந்தாலும் பாவாடையின் வெளித்துணிக்கு வராது. அதற்குள்ளேயே மார்க்கர் நிற்பதற்கு ஒரு ஒடுக்கமான தடுப்பு, மீதி இடம் செல்போனுக்கு. பாக்கெட்டின் இரண்டு முனையிலும் குறுக்காக அழுத்தித் தையல் போட்டிருப்பார், கனத்தில் வாய் கிழியாது. இடுப்புப் பட்டியில் இடது பக்கம் தடித்த ஒரு பட்டி. பாங்காக்கில் எங்களில் பல ஆசிரியர்கள் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ள இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டிக்கொண்டு பாடம் நடத்துவோம். அந்தப் பெட்டி பாவாடையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் பட்டிக்குள் கேன்வாஸ் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது நாள் முழுக்க மாட்டியிருந்தாலும் பாவாடை இறங்குவதில்லை. எங்கள் பள்ளியில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று அளவு எழுதிக் கொடுத்தனுப்பினாள். ஆளை நேரில் பார்க்காமல் தைக்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

துணி விஷயத்திலும் இருவரும் கறார். பருத்தி என்றால் நனைத்துக் காயவைக்காமல் கத்தரி வைக்க மாட்டார்கள். கைத்தறித் துணியாக இருந்தால் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டு, சாயம் போகிறதா என்று பார்த்து நம்மிடமும் காட்டுவார்கள். சாயம் போகிற துணிக்கு வெள்ளை லைனிங் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நான் பெரும்பாலும் கோ-ஆப்டெக்ஸில் துணி எடுத்துக்கொண்டு போவேன், சேலை வேண்டுமென்றால் சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இளம்பிள்ளை ஊருக்குப் போவேன். என் வீட்டுக்காரர் பேண்டுக்கு முழுப் பருத்தி வேண்டாம், வேர்வையில் கசங்கிவிடும், கலப்புத் துணி எடுங்கள் என்று அண்ணன் சொன்னது சரியான யோசனை.

ஜூனில் எங்கள் பள்ளியில் வாய் க்ரூ என்று ஆசிரியர்களை வணங்கும் விழா நடக்கும். பெரும்பாலும் வியாழக்கிழமையில் வரும். பிள்ளைகள் முட்டிபோட்டு வந்து பூத்தட்டு கொடுத்து வணங்குவார்கள். அந்தத் தட்டில் இட்லிப்பூ, அருகம்புல், கத்திரிப்பூ மூன்றும் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, எங்கள் வீட்டுப் பிள்ளையார் தட்டு மாதிரியே இருந்தது. அன்றைக்கு மட்டும் பட்டு. மேடையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து இரண்டு கையாலும் தட்டை வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் அக்கா முன் கழுத்தை ஒரு விரல் அளவு ஏற்றினார், பின் கழுத்தில் கயிறு, குஞ்சம் எதுவும் வேண்டாம் என்றார். விழா முடிகிற வரை முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல், பிள்ளைகள் முகத்தைப் பார்த்து வாங்க முடிந்தது.

இவர்கள் வேலையின் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது கருப்புத் துணியில்தான். 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் மறைந்தார். அரசு ஒரு வருஷம் துக்கம் அறிவித்தது. ஊரே கருப்புக்கு மாறியது. கடைகளில் கருப்புத் துணி கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை ஏறிவிட்டது. தெருவில் பெரிய பாத்திரங்களில் சாயம் காய்ச்சி, இருக்கிற துணியையே கருப்பாக்கிக் கொடுத்தார்கள். நாங்கள் இருப்பதை வைத்து மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, லீவில் சேலம் வந்ததும் கருப்புத் துணியாக எடுத்துக்கொண்டு அம்மாபேட்டைக்குப் போனோம். அண்ணன் பையைப் பிரித்துப் பார்த்து, "கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவோ மாசம் இருக்குங்களே சார், இப்பவே மாலை போடறீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது சுமங்கலிப் பெண்ணுக்கு இத்தனை கருப்பு ஏன் என்று நினைத்தார் போல. ஆனாலும் தைத்தார். வாங்கப் போனபோது ஒவ்வொரு துணியின் உள் ஓரத்திலும் மஞ்சள் வைத்திருந்தது. புதுத்துணிக்கு எப்போதும் வைப்பதுதான், அந்தக் கருப்பிலும் விடாமல் வைத்திருந்தார்.

அந்தத் துணிகளை துக்க வருஷம் முடிந்ததும் மடித்து வைத்துவிட்டோம். 2025 அக்டோபர் 24 அன்று மன்னரின் தாயார், அரசி சிரிகிட் மறைந்தபோது மறுபடியும் எல்லோரும் கருப்புக்கு வந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தால் எனக்கு ப்ளவுஸ் ஏறவில்லை, அவருக்கு பேண்டில் கொக்கி மாட்டவில்லை. எங்கள் சந்தின் முனையில் நடைபாதையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். பாங்காக்கில் தெருவுக்குத் தெரு இப்படித் தைக்கிறவர்கள் உண்டு, கீழ் ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் செய்வார்கள். அவர் ப்ளவுஸை உள்பக்கமாகத் திருப்பினார். பக்கத் தையலில் இரண்டு ஓரமும் தாராளமாகத் துணி விட்டு, ஓவர்லாக் அடித்து, ஏற்கெனவே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரித் தையல் போட்டு வைத்திருந்தார் அக்கா. உடம்பை ஒட்டிய உள் வரியைப் பிரித்தால் போதும், ப்ளவுஸ் ஒரு சுற்று பெரிசாகிவிடும். பெரியம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு அக்கா என்றேன். பேண்டிலும் அப்படியே, பின் தையலில் துணி இருந்தது. அன்று சாயங்காலமே இரண்டையும் வாங்கிக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போட்டுப் போனோம். புதிதாக ஒரு துணிகூட வாங்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்குத் துணி வராது. இது இந்த வீட்டின் பெரிய குறை. 'வெள்ளிக்கிழமை வாங்க' என்றால் அதற்கு அடுத்த செவ்வாய் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டால் கோபப்பட மாட்டார்கள், சிரித்துக்கொண்டே டீ வாங்கி வரச் சொல்வார்கள், ஆனால் துணி வராது. விமானத்துக்குப் பெங்களூரோ சென்னையோ போக வேண்டியவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு வருஷம் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தித்தான் சட்டைகளை வாங்கிக்கொண்டு போனோம், இஸ்திரி சூடு ஆறாமல். டிக்கெட் தேதியைக் காட்டினால் கொஞ்சம் பலன் உண்டு. அக்கா அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொள்வார்.

போன் எடுக்க மாட்டார்கள். மெஷின் சத்தத்தில் கேட்காது. நேரில்தான் போக வேண்டும். போட்டுப் பார்க்கத் தனி இடம் இல்லை, வீட்டின் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டுப் பார்க்கலாம். அங்கே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். ஆரி வேலை, கல் பதிப்பது, கல்யாண ப்ளவுஸில் கேட்கிற கழுத்து டிசைன்கள் இதெல்லாம் இங்கே கிடையாது. செய்து தருகிறேன் என்று இழுத்தடிக்காமல், முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள், அதை நான் மதிக்கிறேன். கோட்டும் தைப்பதில்லை. சுகும்வித் சாலையில் கோட்டு தைக்கும் இந்தியர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கோட்டுக்கு அங்கே போய்க்கொள்ளலாம்.

கூலி நியாயம். லைனிங் வைத்த ப்ளவுஸுக்கு என்னிடம் 350 ரூபாய் வாங்கினார். பாக்கெட்டும் இடுப்புப் பட்டியும் உள்ள நீளப் பாவாடைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று விலையை ஏற்றுவதில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் அதே கூலிதான் என்பதை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேரம் பேச வேண்டாம், அந்தப் பாக்கெட் வேலைக்கு அவர் கேட்பது குறைவுதான்.

எப்போது போவது என்றால், பங்குனி கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ப்ளவுஸ் குவிந்துவிடும். மே கடைசியில் பள்ளிச் சீருடை வரும், பிறகு அண்ணனைப் பிடிக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் லீவு கிடைக்கிற ஊர்களில் வேலை பார்ப்பவர்கள் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் சேலமே புதுத்துணி தைக்கக் கொடுக்கும். ஞாயிறும் அமாவாசையும் அந்த வீட்டில் மெஷின் ஓடாது.

அளவு ப்ளவுஸ் கொண்டுபோகலாம், ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது, நீங்களும் நின்று, உட்கார்ந்து, கையைத் தூக்கிக் காட்டத்தான் வேண்டும். வகுப்பில் இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளும் பொருள் எதுவானாலும் எடுத்துப் போங்கள், அடையாள அட்டைக் கயிறு உட்பட. நடக்கிற செருப்பையே போட்டுப் போங்கள், பாவாடை உயரத்தை அதை வைத்துத்தான் எடுப்பார். தம்பதியாகப் போகிறவர்கள் இரண்டு பேருமே ஒன்றாகப் போவது நல்லது, அண்ணனும் அக்காவும் ஒரே நேரத்தில் அளவெடுத்துவிடுவார்கள். இந்த வருஷம் நாங்கள் கொடுத்திருப்பது திங்கட்கிழமைக்கு மஞ்சள் சட்டைகளும், எனக்கு இளநீலத்தில் இரண்டு பாவாடையும். தேதி இன்னும் சொல்லவில்லை.